மெழுகுதிரி போகாத தெரு

மெழுகுதிரி ஏந்தி நிற்பது கத்தோலிக்கராகிய நமக்குப் புதிய பழக்கமன்று. பாஸ்கா இரவில், இருளடைந்த ஆலயத்துள் ஒரே திரியிலிருந்து நூற்றுக்கணக்கான திரிகள் ஒளிபெறும் காட்சியைச் சிறுவயது முதலே கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே திரியை ஆலய வாயிலைக் கடந்து வீதிக்கு எடுத்துச் செல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது. வழிபாட்டின் அடையாளமாக இருந்தது, ஆட்சியாளரையும் அண்டை வீட்டாரையும் நோக்கிய வேண்டுகோளாகிறது. மனித உரிமைக்காகவும் சமய உரிமைக்காகவும் நடைபெறும் இத்தகைய அமைதி விழிப்புகளில் நாம் பங்கேற்கலாமா என்று இறைமக்களில் பலர் நம்மிடம் கேட்டதுண்டு. பங்கேற்கலாம் என்று விடையளிப்பது எளிது. பங்கேற்பவர் எந்தக் கடமையைத் தம் தோளில் ஏற்றிக்கொள்கிறார் என்பதே கடினமான வினா. அவ்வினாவை நம்முன் வைத்தவர் இறையியல் அறிஞர் எவருமல்லர். எழுபது வயதைக் கடந்த ஒரு கூலித் தொழிலாளி.

2023ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் மணிப்பூரில் தொடங்கிய வன்முறையில் 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். ஆலயங்கள் பல எரிந்தன. பெண்கள் இழிவுபடுத்தப்பட்ட காணொளி ஒன்று ஜூலைத் திங்களில் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. தமிழகத்தின் பல பங்குகளில் அந்நாள்களில் மெழுகுதிரிப் பவனிகள் நடைபெற்றன. நமது பங்கிலும் ஒரு ஞாயிறு மாலை அவ்வாறே செய்தோம். இளையோர் காகிதக் கோப்பைகளின் அடியில் துளையிட்டுத் திரிகளைச் செருகி ஆயத்தம் செய்திருந்தனர். மரியாயின் சேனையினர் செபமாலையை வழிநடத்தினர். ஏறத்தாழ 400 பேர் வந்திருந்தனர். ஞாயிறு மாலைத் திருப்பலிக்குக்கூட அத்தனை பேர் வருவதில்லை. ஆலயத்திலிருந்து புறப்பட்டுக் கடைவீதியைச் சுற்றி லூர்து கெபிக்கு வந்து சேர்ந்து, மன்றாட்டுகளை எழுப்பி, ஆசீர் பெற்றுக் கலைந்தோம். நமக்கும் மனநிறைவே.

கெபியடியில் அம்மூதாட்டி நின்றிருந்தார். “சாமி, திரி குடுத்தாங்க, நானும் புடிச்சுட்டு வந்தேன். எங்க தெருவுக்கு மட்டும் ஏன் சாமி வரல?” என்றார்.

“நேரமாகிவிட்டது அம்மா, அந்தத் தெருவும் குறுகல்” என்றோம்.

“தேருக்கும் அதத்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு, தரையில் சிதறிக் கிடந்த காகிதக் கோப்பைகளைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். அவரை எவரும் அதற்குப் பணிக்கவில்லை.

பவனிப் பாதையை அன்று எவரும் திட்டமிட்டு வரையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இளையோர் தமக்குப் பழகிய வழியில் நடந்தனர். பழகிய வழி என்பது பங்குத் திருவிழாவின் தேர்ப்பாதை. அந்தத் தேர் தலைமுறை தலைமுறையாகத் தலித் கத்தோலிக்கர் வாழும் அத்தெருவின் முனையோடு திரும்பிவிடும். நாம் அப்பங்கில் பொறுப்பேற்ற முதலாண்டிலேயே இதை அறிந்திருந்தோம். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் சொன்னார்கள். நாமும் மெதுவாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். மணிப்பூரின் நீதிக்காக நாம் ஏற்றிய திரிகள், சொந்த ஊரின் அநீதி வகுத்துக் கொடுத்த தடத்திலேயே நடந்து முடிந்தன.

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. குருமட நாள்களில் திருச்சபை வரலாற்று வகுப்பில் கேட்ட ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. உரோமையில் பயின்று திரும்பிய பேராசிரியர் ஒருவர் அதனை விரிவாகச் சொல்லியிருந்தார். மெழுகுதிரி விழிப்பு என்றவுடன் எண்ணத்தக்க அந்நிகழ்ச்சி, 1988ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராக விளங்கும் பிராத்திஸ்லாவாவில் நிகழ்ந்தது. அப்போது ஸ்லோவாக்கியா தனி நாடன்று. பொதுவுடைமைக் கட்சி ஆண்ட செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதி.

அந்நாட்டுத் திருச்சபை பட்ட பாட்டைச் சிறிதேனும் அறிந்தாலன்றி அம்மாலையின் பொருள் விளங்காது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 13, 14 நாள்களுக்கு இடைப்பட்ட இரவில், ஆண் துறவியரின் மடங்களை அரசுப் படையினர் சூழ்ந்து, துறவியரை வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். அதே மாத இறுதியில் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை சட்டத்துக்குப் புறம்பானதாக்கப்பட்டது. அரசின் ஒப்புதல் பெறாத குரு எவரும் வெளிப்படையாகப் பணியாற்ற இயலாது. ஆயர்கள் இறந்தபோது அவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. அரசு ஏற்கும் ஒருவரைத் திருத்தந்தை நியமிப்பதில்லை, திருத்தந்தை விரும்பும் ஒருவரை அரசு ஏற்பதில்லை. இவ்வாறு மறைமாவட்டங்கள் பல ஆண்டுக்கணக்கில் ஆயரின்றிக் கிடந்தன.

இந்நிலையில் மறைவாக ஒரு திருச்சபை வளர்ந்தது. இயேசு சபைக் குருவான யான் கிறிஸோஸ்தம் கோரெட்ஸ் 1951இல், தம் 27ஆம் வயதில், இரகசியமாக ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் ஆயர் இல்லத்தில் வாழவில்லை. தொழிற்சாலையில் உழைத்தார், இரவுக் காவலராக இருந்தார், மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தார். 1960 முதல் 1968 வரை சிறையில் கழித்தார். மருத்துவர் சில்வெஸ்தெர் கிர்ச்மேரி, கணிதம் கற்ற விளாதிமிர் யூக்ல் ஆகிய இருவரும் இளமையின் பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இழந்து, வெளிவந்த பின் மாணவரிடையே சிறு செபக் குழுக்களைக் கட்டியெழுப்பினர். இவ்விருவரையும் 1940களில் உருவாக்கியவர், குரோவாசியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குரு தோமிஸ்லாவ் கொலாகோவிச். அவர் கற்பித்த முறை, பார்த்தல், தீர்ப்பிடுதல், செயல்படுதல் என்பது. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்திலும் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்திலும் இருந்த நம் வாசகர்களுக்கு இச்சொற்கள் மனப்பாடம். நம்மில் பலர் இம்மூன்றையும் பயிற்சி முகாமின் கரும்பலகையில் எழுதியதோடு நின்றுவிட்டோம். அவர்கள் அதன்பொருட்டுச் சிறை சென்றார்கள்.

1987இன் இறுதியில் மொராவியப் பகுதியைச் சேர்ந்த அகுஸ்தின் நவ்ராதில் என்ற பொதுநிலையினர், சமய உரிமை கோரி 31 கோரிக்கைகள் அடங்கிய விண்ணப்பம் ஒன்றை வெளியிட்டார். பிராகா பேராயர் கர்தினால் பிரான்டிஷெக் தோமாஷேக், தம் முதுமையையும் பொருட்படுத்தாது, கையொப்பமிட அஞ்சவேண்டாம் என்று இறைமக்களை வெளிப்படையாக ஊக்குவித்தார். ஏறத்தாழ 6 இலட்சம் பேர் கையொப்பமிட்டனர். ஒவ்வொரு கையொப்பமும் வேலையையோ பிள்ளையின் கல்லூரி இடத்தையோ பறிக்கக் கூடியதாயிருந்த காலம் அது.

மெழுகுதிரி விழிப்பு பற்றிய முதல் எண்ணம் எழுந்தது ஒரு விளையாட்டு வீரரிடம் என்பது வியப்பு. அயல்நாட்டில் வாழ்ந்துவந்த ஐஸ் ஹாக்கி வீரர் மரியான் ஷ்தியாஸ்த்னி, உலகெங்கும் உள்ள செக்கோஸ்லோவாக்கியத் தூதரகங்களின் முன் அதே நாளில் கூடலாம் என்று கருத்துரைத்தார். அந்நாட்டுக்குள்ளேயே கூடுவோம் என்று துணிந்தவர்கள் மறைவுத் திருச்சபையினர். அவர்களுள் ஒருவரான கணித அறிஞர் பிரான்டிஷெக் மிக்லோஷ்கோ, தம் பெயரைக் குறித்து, அரசு அலுவலகத்திற்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்தார். ஹ்வியெஸ்தோஸ்லாவ் சதுக்கத்தில், மாலை 6 மணி முதல் அரைமணி நேரம், எரியும் மெழுகுதிரிகளுடன் மக்கள் அமைதியாக நிற்பார்கள் என்பதே அறிவிப்பு. முழக்கம் இல்லை; சொற்பொழிவு இல்லை. இரகசியத்திலேயே பல்லாண்டு வாழ்ந்து பழகியவர்கள் இதனை மட்டும் ஒளிவுமறைவின்றிச் செய்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். செபக்குழு மறைவாக நடக்கலாம். சான்று பகர்தல் மறைவாக நடக்க இயலாது.

அரசு தடை விதித்தது. இங்குதான் ஓர் அறநெறிச் சிக்கல் எழுகின்றது. ஆளும் அதிகாரங்களுக்குப் பணிந்திருக்கத் தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் அறிவுறுத்துகிறார். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே முறை என்று திருத்தூதர்கள் தலைமைச் சங்கத்தின்முன் உரைத்ததையும் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவோர் இரு தரப்பிலும் உண்டு. பிராத்திஸ்லாவாவில் சட்டத்தை மீறியவர் யார் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அந்நாட்டின் 1960ஆம் ஆண்டு அரசியலமைப்பு சமய உரிமையை எழுத்தில் வழங்கியிருந்தது. 1975இல் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் அந்நாடு ஒப்பமிட்டது. குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1976இல் அந்நாட்டின் சட்டமாகவே வெளியிடப்பட்டது. ஆகவே சதுக்கத்தில் கூடியவர்கள் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை; கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி அரசைக் கேட்டார்கள். சட்டத்தின் பெயரால் சட்டம் மீறப்படும்போது, கையில் திரியுடன் அமைதியாக நிற்பவனே சட்டத்திற்குப் பணிந்தவன் எனலாம்.

அது மங்கள வார்த்தைத் திருநாள், வெள்ளிக்கிழமை. அன்று மழை பெய்தது. ஒரு கையில் குடை, மறுகையில் திரி என்று ஏறத்தாழ 2,000 பேர் சதுக்கத்தில் நின்றனர். உள்ளே வர இயலாதபடி தடுக்கப்பட்ட மேலும் பல ஆயிரம் பேர் சுற்றியிருந்த தெருக்களில் நின்றனர். செபமாலை சொன்னார்கள். காவல்துறை வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டு கூட்டத்திற்குள் புகுந்தன. தண்ணீர் பீய்ச்சும் வண்டிகள் வந்தன. தடியடி நடந்தது, நாய்களும் கொண்டுவரப்பட்டன. வெளிநாட்டுச் செய்தியாளர்களும் தாக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டனர். தண்ணீரால் அணைந்த திரியைப் பக்கத்தில் நின்றவரின் திரியிலிருந்து மீண்டும் பற்றவைத்துக்கொண்டு, அறிவித்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டே மக்கள் கலைந்தார்கள். சதுக்கத்தை ஒட்டிய கார்ல்டன் விடுதியின் சன்னல்களிலிருந்து அமைச்சர்கள் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான பண்பாட்டு அமைச்சர் மிரோஸ்லாவ் வாலெக் அந்நாட்டின் பெயர்பெற்ற கவிஞர். சதுக்கமும் ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கியது. சன்னலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் கவிஞனின் உள்ளத்தில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. இறைவன் அறிவார்.

அவர்கள் கேட்டவை மூன்று. காலியாயுள்ள மறைமாவட்டங்களுக்குத் திருத்தந்தையின் முடிவுப்படி ஆயர்களை நியமித்தல் ஒன்று. முழுமையான சமய உரிமை மற்றொன்று. மூன்றாவதாக, குடிமக்கள் அனைவரின் உரிமைகளையும் அரசு முழுமையாக மதித்தல்.

முதல் கோரிக்கை கத்தோலிக்கருக்கே உரியது. இரண்டாவது நம்பிக்கை கொண்டோர் அனைவருக்கும் உரியது. மூன்றாவது, கடவுளை நம்பாதவருக்கும், திருச்சபையை வெறுப்பவருக்கும்கூட உரியது. நாற்பதாண்டுகள் அடிபட்ட ஒரு சமூகம், எங்களுக்கு ஆயரைத் தாருங்கள் என்ற வேண்டுகோளோடு நின்றிருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். நம்மில் சிலர் அதைத்தான் அறிவுடைமை என்று சொல்லியிருப்போம். பிறர் விவகாரத்தில் தலையிட்டால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமற் போகும் என்று பங்குப் பேரவையில் பேசியிருப்போம். அவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. தமக்காகக் கேட்பதைப் பிறருக்கும் சேர்த்துக் கேட்டார்கள். அம்மூன்றாவது கோரிக்கைதான் அந்த விழிப்பை, ஒரு குழுவின் முறையீடு என்ற நிலையிலிருந்து உயர்த்திற்று என்பது நம் கருத்து. 1993 முதல் ஸ்லோவாக்கியா மார்ச் 25ஐ மனித உரிமைப் போராட்ட நாளாகக் கடைப்பிடித்து வருகின்றது. ஆயர் நியமனத்தை மட்டும் கேட்டிருந்தால், அந்நாளை நாடு முழுமைக்கும் உரியதாக எண்ணுவது அரிது.

அந்நாளைய குருக்கள் என்ன செய்தார்கள் என்று குருமடத்தில் நாம் கேட்டோம். குருக்களிலும் துணிந்தவர்கள் உண்டு. ஆனால் சதுக்கத்தை நிறைத்தவர்கள் பெரும்பாலும் பொதுநிலையினர். அரசின் ஆதரவில் இயங்கிய ‘பாச்செம் இன் தெர்ரிஸ்’ என்ற குருக்கள் சங்கத்தில் பலர் சேர்ந்திருந்தனர். இத்தகைய அரசியல் சங்கங்களில் குருக்கள் சேரலாகாது என்று உரோமை 1982இல் தடைவிதித்தும் அச்சங்கம் தொடர்ந்தது. அப்போது இளைஞர்களாயிருந்த நாம் அவர்களைக் கோழைகள் என்று எளிதாகத் தீர்ப்பிட்டோம். முப்பதாண்டுகள் பங்குப்பணி செய்தபின் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பிட நா எழவில்லை. ஒப்புதலை இழந்தால் ஆலயம் பூட்டப்படும், நோயாளிக்கு நற்கருணை கொண்டுசெல்ல ஆளிருக்காது என்று அவர்களுள் ஒருவர் எண்ணியிருக்கலாம். தேர்ப்பாதையைத் தொட்டால் ஊர் இரண்டாகும், திருவிழா நின்றுவிடும் என்று நாம் எண்ணியதும் இதே வகையைச் சேர்ந்ததே. மந்தையின் நலன் என்ற சொல்லுக்குள் மேய்ப்பனின் அச்சம் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்கிறது!

செபத்தை வீதிக்குக் கொண்டுவருவது வெளிவேடம் ஆகாதா என்றும் கேட்கப்படுகிறது. முச்சந்திகளில் நின்று பிறர் காணச் செபிப்போரை ஆண்டவர் கண்டித்தார். அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்ளச் சொன்னார். இது தள்ளிவிடத்தக்க தடையன்று. ஆண்டவர் கண்டித்தவர்கள் பார்க்கப்படுவதால் மதிப்புப் பெற்றவர்கள் என்பதை நினைவில் கொண்டால் வழி பிறக்கும். பிராத்திஸ்லாவாவில் பார்க்கப்பட்டவர் இழந்தார். வேலையை இழந்தார், அடி வாங்கினார். பார்க்கப்படுவதால் நமக்குப் பெருமை சேருமிடத்தில் ஆண்டவரின் கண்டனம் நம்மைத் தாக்கும். பார்க்கப்படுவதால் இழப்பு நேருமிடத்தில் அதே செயல் சான்றாகும். இவ்வளவுகோலால் நம் மணிப்பூர்ப் பவனியை அளந்து பார்த்தோம். அதில் நமக்கு எந்த இழப்பும் இல்லை. நிழற்படங்கள் அன்றிரவே அலைபேசிகளில் பரவின. மறைமாவட்டத்திலிருந்து பாராட்டும் வந்தது. அத்தெருவுக்குள் நுழைந்திருந்தால்தான் இழப்பு நேர்ந்திருக்கும்.

வேறொன்றும் உறுத்தியது. மணிப்பூரில் மாண்டவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். குக்கி மக்களும் மாண்டனர், மெய்த்தேயி மக்களும் மாண்டனர். ஆலயங்களும் எரிந்தன, கோவில்களும் தாக்கப்பட்டன. அன்று கெபியில் வாசிக்கப்பட்ட மன்றாட்டுகளை நாமே எழுதியிருந்தோம். மறுநாள் அத்தாளை எடுத்துப் படித்தபோது, எல்லாம் நம் சகோதரக் கிறிஸ்தவர்களுக்காகவே இருக்கக் கண்டோம். மூன்றாவது கோரிக்கை அதில் இல்லை.

மெழுகுதிரியின் இயல்பைப் பற்றி, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் புனித நிக்கோலாஸ் ஆலயப் போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் பின்னாளில் விளக்கியதுண்டு. அவ்வாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்கான செபக்கூட்டம் நடந்துவந்தது. 1989 அக்டோபர் 9ஆம் நாள் ஏறத்தாழ 70,000 பேர் அந்நகரில் அமைதியாக நடந்தனர். திரியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், காற்றில் அணையாமல் காக்க மறுகை வேண்டும், கல்லை எடுக்கக் கை மிஞ்சாது என்பது அவர் கருத்து. அழகிய விளக்கம். மறுக்கவில்லை. ஆனால் மறைத்துக் காக்கும் அந்தக் கையினால் ஒளி பிறர்மேல் படாமல் திரி பிடித்தவரின் முகத்திலேயே விழுகிறது என்பதையும், காற்று வீசும் இரவில் திரியேந்தி நடந்த எவரும் அறிவர்.

அந்த ஒளியை முகத்தில் ஏற்றவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பிராகா பேராயரான கர்தினால் யோசேப் பெரான், நாத்சிகளின் டாக்காவ் முகாமில் அடைபட்டவர். பின்னர் சொந்த நாட்டின் பொதுவுடைமை அரசால் 1949 முதல் பல்லாண்டுகள் காவலில் வைக்கப்பட்டவர். 1965இல் அவர் உரோமைக்குச் செல்ல விடப்பட்டார். மீண்டும் நாடு திரும்ப இயலவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய ஏட்டை விவாதித்தபோது அவர் எழுந்தார். தம்மைச் சிறைவைத்த அரசைக் கடிந்து பேச அவருக்கு முழு உரிமை இருந்தது. அவரோ, 1415இல் சீர்திருத்தப் போதகர் யான் ஹூஸ் எரிக்கப்பட்டதையும், பதினேழாம் நூற்றாண்டில் செக் மக்கள் கத்தோலிக்க மறைக்கு வலிந்து திருப்பப்பட்டதையும் எடுத்துரைத்தார். மனச்சான்றின் உரிமைக்கு எதிராகத் தம் திருச்சபையின் பெயரால் அன்று இழைக்கப்பட்ட பாவத்திற்கே இன்று அது கழுவாய் செய்துகொண்டிருக்கிறது என்ற கருத்துப்பட அவர் பேசினார். உரிமை மறுக்கப்பட்டவர் எழுந்து, உரிமை மறுத்தவர்களும் நாமே என்று ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள், 2,308 வாக்குகள் ஆதரவாகவும் 70 எதிராகவும் பதிவாகி, அவ்வேடு திருச்சபையின் போதனையாயிற்று. சமய உரிமை மனித மாண்பிலேயே வேரூன்றியது. உண்மையைத் தேடும் கடமையை நிறைவேற்றாதவரிடமிருந்தும் அவ்வுரிமையைப் பறிக்க இயலாது என்பது அதன் சாரம். பெரானின் சொற்களில் இருந்த வலிமை, அவை பாவ அறிக்கையாகவும் இருந்ததால் வந்தது என்று நாம் நம்புகிறோம்.

நம் நாட்டு நிலைக்கு இது தொலைவானதன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 10ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, சமயத்தைக் காரணம் காட்டித் தலித் கிறிஸ்தவருக்கு உரிய சலுகையை மறுத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது வழங்கப்பட்டது. கிறிஸ்தவரும் இசுலாமியரும் மட்டும் வெளியே நிற்கின்றனர். இது அநீதி, நாம் கறுப்புக் கொடி ஏற்றுவது முறையே. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்கெனச் சுவர் எழுப்பிய பங்குகள் தமிழகத்தில் உண்டென்பதை ஊரறியும். சமயம் மாறியதால் சாதி ஒழிந்துவிட்டது என்று அரசு சொல்வது பொய் என்கிறோம். அது பொய் என்பதற்கு நாமே சான்றாகவும் விளங்குகிறோம்!

அப்படியானால் வீட்டைச் சரிசெய்த பிறகே வீதிக்கு வரவேண்டுமா? அவ்வாறு சொல்வாரும் நம்மிடையே உள்ளனர். நெடுநாள் நாமும் அவ்வாறு எண்ணினோம். அது நேர்மையான நிலைபோல் தோன்றும். ஆனால் எவரது வீடு முழுமையாகச் சரியாகி முடிந்தது? தூய்மையானவர் மட்டுமே திரி ஏந்தலாம் என்றால் சதுக்கங்கள் வெறுமையாகவே கிடக்கும். தடியேந்தியவர்களுக்கு அதைவிட இனிய செய்தி வேறில்லை. மணிப்பூருக்காக அன்று நாம் கூடியது தவறன்று. கூடியிராவிட்டால் அம்மூதாட்டியின் கேள்வியும் எழுந்திராது. தேரின்போது அவர் அக்கேள்வியைக் கேட்டதில்லை. தேர் வேறு எவருடைய சொத்தோ என்று விட்டுவிட்டார் போலும். நீதிக்காக என்று சொல்லி அவர் கையில் ஒரு திரியைக் கொடுத்தபின்தான் அதைக் கேட்கும் உரிமை தமக்கும் உண்டென்று அவருக்குத் தோன்றிற்று. கொடுத்தவர்கள் நாம். கேள்வி வரும் என்று எதிர்பாராதிருந்தது மட்டுமே நம் பிழை.

2025 மார்ச் 25ஆம் நாள் மாலை, மங்கள வார்த்தைத் திருநாளில், மீண்டும் ஒரு விழிப்புச் செபத்திற்கு அழைப்பு விடுத்தோம். பிராத்திஸ்லாவாவின் கதையை முந்தின ஞாயிறு மறையுரையில் சொன்னோம். இம்முறை ஆலயத்திலிருந்து புறப்படவில்லை. அத்தெருவின் நடுவிலுள்ள சவேரியார் குருசடியிலிருந்து ஆலயத்தை நோக்கி வந்தோம். மன்றாட்டுகளில் மெய்த்தேயிக் குடும்பங்களுக்காகவும், சமயத்தின் பெயரால் நம் நாட்டில் அச்சத்தோடு வாழும் இசுலாமியருக்காகவும் வேண்டினோம். 400 பேர் வரவில்லை. 60 பேர் இருக்கலாம். அவர்களுள் பெரும்பாலோர் அத்தெருவினர். பங்குப் பேரவை உறுப்பினரில் இருவர் வந்தனர். பாடகர் குழுவில் ஒருவரும் இல்லை. ஆகவே பாடல்கள் சுதி சேராமல் ஒலித்தன. கடைவீதியில் சில வீடுகளின் கதவுகள் நாம் வரும் வேளையில் சாத்தப்பட்டன. நிழற்படம் எடுப்பாரில்லை.

தேர்ப்பாதை பற்றிய பொருள் பேரவையில் மூன்று முறை வந்து மூன்று முறையும் ஒத்திவைக்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அன்று மாலை ஆலய வாயிலில் திரியை அணைத்துக் கோப்பையோடு நம்மிடம் திருப்பித் தந்தபோது, “தேருக்கு எப்ப சாமி?” என்று அம்மூதாட்டி கேட்டார். நாள் சொல்ல நம்மால் இயலவில்லை. வரும் ஞாயிறு பேரவை மீண்டும் கூடுகிறது. பவனிப் பாதையை இம்முறை நாமே வரைந்து எடுத்துச் செல்கிறோம்.